ஷார்ட்கட் வேலை செய்யவில்லையா? கர்சர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

தை பிறந்துவிட்டால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா பேனர்கள் வரிசைகட்டி வரும். 10 அடிக்கு 8 அடி பிளெக்ஸ். மேலே சீறி வரும் எருது, நடுவில் ஊர்ப்பெயரும் தேதியும், கீழே 40, 50 முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் ஒரு பெயர். சில வருடங்களுக்கு முன் நான் செய்த அப்படியொரு பேனரில் 'முருகன்' என்ற பெயர் 'முருஎகன்' என்று அச்சாகிப் போனது. ஊர் எல்லையில் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்த அண்ணன் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. "எம் பேர்ல எதுக்குப்பா இந்த எழுத்து?" என்று மட்டும் கேட்டார். மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த 'எ' எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் மனசு ஆறவில்லை.

கண்டுபிடித்தது இதுதான். ஃபோட்டோஷாப்பில் பெயரைத் திருத்திவிட்டு, படத்தை நகர்த்துவதற்காக மூவ் கருவியின் ஷார்ட்கட்டான ஆங்கில 'வி' விசையைத் தட்டியிருக்கிறேன். ஆனால் எழுத்துக்குள் கர்சர் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'வி' விசைக்கு உரிய எழுத்து 'எ'. கருவி மாறவில்லை, எழுத்துதான் விழுந்தது.

ஃபோட்டோஷாப்பில் ஒரே விசைக்கு எழுத்துக்குள் ஒரு வேலை, வெளியே வேறு வேலை. கடையில் தம்பிகள் "அண்ணா, ஷார்ட்கட் வேலை செய்யல" என்று கூப்பிடும்போது நான் கீபோர்டைப் பார்ப்பதில்லை. முதலில் கர்சர் எழுத்துக்குள் துடிக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் லேயர் பேனலில், அதாவது படமும் எழுத்தும் தனித்தனி அடுக்குகளாக வரிசையாகத் தெரியும் பட்டியலில், எது தேர்வாகி இருக்கிறது என்று. கடைசியாகத் திரையின் கீழ் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று. கீழே சொல்லும் பிரச்சினைகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் அடங்கிவிடும்.

விசைப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டைப் கருவியின் விசையை 'டீ' என்றும், டெலிட் என்ற சொல்லின் முதல் எழுத்தை 'டி' என்றும் இங்கே எழுதுகிறேன். சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினிக்கானது.

எழுத்துக்கு நடுவே தேவையில்லாத எழுத்து விழுகிறது

முருகன் அண்ணன் கதைதான். எந்த எழுத்து விழுந்திருக்கிறது என்பதை வைத்தே எந்த விசை தட்டுப்பட்டது என்று சொல்லிவிடலாம். பாமினியில் 'எ' என்றால் மூவ் கருவிக்கான 'வி'. 'வ' என்றால் டைப் கருவிக்கான 'டீ'. 'டி' என்ற எழுத்து முழுசாக வந்திருந்தால் பிரஷ்ஷுக்கான 'பி'. 'ந' என்றால் இரேசருக்கான 'ஈ'. 'ண' என்றால் ஜூமுக்கான 'இசட்'. தமிழ்99 விசைப்பலகையில் இருந்தால் கணக்கு மாறும்: மூவுக்கு 'வ', டைப்புக்கு 'ஏ', பிரஷ்ஷுக்கு 'ங'. இடைவெளி மட்டும் கூடுதலாக இருந்தால், யாரோ கை கருவியால் படத்தை நகர்த்த ஸ்பேஸ் பாரை அழுத்தியிருக்கிறார்கள்.

சரிசெய்வது சுலபம். எழுத்து வேலை முடிந்ததும் கன்ட்ரோல் + என்டர் அடியுங்கள். எண் விசைகள் பக்கத்தில் உள்ள என்டரும் இதே வேலையைச் செய்யும். நடுவில் உள்ள பெரிய என்டர் செய்யாது, அது அடுத்த வரிக்குப் போகும். மேலே ஆப்ஷன்ஸ் பாரில் சரி என்ற டிக் குறி மறைந்துவிட்டால் வெளியே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் 'வி' விசையைத் தொட வேண்டும்.

எஸ்கேப் விசையை நம்பாதீர்கள். பழைய பதிப்புகளில் எஸ்கேப் அடித்தால் அதுவரை அடித்தது எல்லாம் ரத்தாகிவிடும். புதிய பதிப்புகளில் டைப் பிரிஃபரன்சஸில் ஒரு டிக் போட்டால் எஸ்கேப் எழுத்தை உறுதி செய்யும். ஆனால் கடையில் ஒரு கணினியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் கை குழம்பும். கன்ட்ரோல் + என்டர் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுதான்.

வேலைக்கு நடுவே ஒரு வரியை மட்டும் கொஞ்சம் நகர்த்த வேண்டுமா? எழுத்துக்குள் இருந்தபடியே கன்ட்ரோலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்தைச் சுற்றிப் பெட்டி தெரியும், பிடித்து இழுக்கலாம், மூலையைப் பிடித்துப் பெரிதாக்கலாம். விட்டதும் மறுபடி தட்டச்சுக்கு வந்துவிடும். இதைப் பழகினால் 'வி' விசைக்கே பாதி வேலை இருக்காது.

அடிக்கோடு போடப் போனேன், போட்டோ கறுப்பு வெள்ளை ஆகிவிட்டது

இந்தப் பட்டியலிலேயே எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. எழுத்துக்குள் கர்சர் இருக்கும்போது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + யூ என்றால் அடிக்கோடு. வெளியே இருக்கும்போது அதுவே டீசேச்சுரேட், அதாவது தேர்வாகியுள்ள படத்தின் நிறத்தை எடுத்துவிடும். ஒருமுறை காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை பேனரில் அம்மன் படமே சாம்பல் நிறமாகி, தம்பி வெலவெலத்துப் போய் நின்றான். அவன் அம்மன் பெயருக்குக் கீழே கோடு போடத்தான் நினைத்தான். எழுத்துக்குள் போகவில்லை, லேயர் பேனலில் படம் தேர்வாகி இருந்தது. கன்ட்ரோல் + இசட் அடித்ததும் நிறம் திரும்பி வந்தது. அவன் முகத்திலும்தான்.

இதே போல இரட்டை வேலை செய்யும் விசைகள் நிறைய. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எல், எழுத்துக்குள் இடது ஓரமாக ஒழுங்குபடுத்தும். வெளியே ஆட்டோ டோன், படத்தின் வெளிச்சத்தை மாற்றும். 'எல்'லுக்குப் பதில் 'சி' சேர்த்தால் உள்ளே நடுவில் நிறுத்தும். வெளியே காப்பி மெர்ஜ்டு, தெரிகிற லேயர்களை ஒன்றாகச் சேர்த்து நகலெடுக்கும். 'பி' சேர்த்தால் உள்ளே தடித்த எழுத்து. வெளியே ஆட்டோ கலர். 'ஐ' உள்ளே சாய்வெழுத்து. வெளியே தேர்வைத் தலைகீழாக்கும், அதாவது தேர்ந்தெடுத்த பகுதியை விட்டுவிட்டு மற்றதைத் தேர்வாக்கும். 'எக்ஸ்' உள்ளே எழுத்தின் அகலத்தை 100 சதவீதத்துக்குக் கொண்டுவரும். வெளியே படத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை ஜன்னல் திறந்து, கணினி கொஞ்சம் மெதுவானது என்றால் அதிலேயே ஒரு நிமிடம் போகும்.

இவற்றில் ஆட்டோ டோனும் ஆட்டோ கலரும்தான் எனக்குப் பயம். கறுப்பு வெள்ளை ஆனால் உடனே கண்ணில் படும். இவை படத்தை லேசாக மட்டும் மாற்றும். மாநிறமான முகம் நீலம் பாய்ந்து போகும், நாம் கவனிக்காமல் அனுப்பிவிடுவோம். முகத்தின் நிறம் மாறியது போலத் தோன்றினால் விண்டோ மெனுவில் ஹிஸ்டரி பேனலைத் திறந்து பாருங்கள். 'ஆட்டோ' என்று ஒரு வரி இருந்தால் அதற்கு முந்தைய வரியைக் கிளிக் செய்யுங்கள்.

பின்னோக்கிப் போவதிலும் ஒரு பதிப்பு வித்தியாசம் உண்டு. 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 முதல் கன்ட்ரோல் + இசட் ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் அது ஒரே படிதான். மறுபடி அடித்தால் பழையபடி முன்னால் வந்துவிடும். அவற்றில் கன்ட்ரோல் + ஆல்ட் + இசட் அடிக்க வேண்டும்.

செல் நம்பர் அடித்தேன், படம் மங்கிவிட்டது

டைப் கருவி கையில் இருக்கிறது, ஆனால் எழுத்துக்குள் கிளிக் செய்யவில்லை. வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல 10 எண்களையும் தட்டிவிடுகிறோம். எண்கள் எழுத்தாக விழாமல், தேர்வாகியுள்ள லேயரின் ஒபாசிட்டியாகிவிடும், அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவாகிவிடும். 9 என்றால் 90 சதவீதம். இரண்டு எண்ணை வேகமாகத் தட்டினால் அந்த எண்ணே சதவீதம். கடைசியில் 05 என்று முடிந்தால் படம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கிப்போகும்.

லேயரைத் தேர்வு செய்து 0 ஒருமுறை தட்டுங்கள். 100 சதவீதத்துக்கு வந்துவிடும். அப்படியும் மங்கலாகவே இருந்தால் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தியிருக்கலாம். அப்போது மாறியது ஃபில் என்ற இன்னொரு அளவு. ஷிஃப்ட் + 0 தட்டுங்கள். பிரஷ் கையில் இருந்தபோது தட்டியிருந்தால் லேயர் மாறியிருக்காது, பிரஷ்ஷின் ஒபாசிட்டி மாறியிருக்கும்.

டெலிட்டும் இந்த வகைதான். ஒரு எழுத்தை அழிக்க நினைத்து, கர்சர் வெளியே இருக்கும்போது டெலிட் அடித்தால் பெயர் லேயரே போய்விடும். 50 பெயரில் ஒன்று காணாமல் போனால் யார் கவனிப்பார்கள்? அந்தப் பெயருக்கு உரியவர் கவனிப்பார். வேலை முடிந்ததும் முகங்களையும் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

'தமிழ்' என்பது 'துமுீழு்' ஆகிவிட்டது

பாமினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் இது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்து மறுபடி நிறுவுவார்கள். அது வேண்டாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கிலச் சின்ன எழுத்தின் இடத்தில் ஒரு தமிழ் எழுத்தும், பெரிய எழுத்தின் இடத்தில் வேறொன்றும் இருக்கும். ஒரே விசை, சும்மா தட்டினால் 'த', ஷிஃப்ட்டோடு தட்டினால் 'து'. 'ம' அப்படியே 'மு'. எழுத்துக்குள் இருந்தபடி கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே அழுத்தினால் ஃபோட்டோஷாப் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாகக் காட்டும். ஆங்கிலத்துக்கு அது சரி. பாமினியில் 'த' எல்லாம் 'து' ஆகும், 'ம' எல்லாம் 'மு' ஆகும், 'ழ' 'ழு' ஆகும். சுழியும் குறிலிலிருந்து நெடிலாக மாறும்.

எழுத்தை முழுக்கத் தேர்வு செய்து அதே கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே மறுபடி அடியுங்கள். சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் கேப்ஸ் லாக் எரிகிறதா பாருங்கள். கேப்ஸ் லாக்கில் அடித்த மேட்டரை மறுபடி அடித்துவிடுவதே சுலபம். கேப்ஸ் லாக் போட்டிருப்பதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு: பிரஷ்ஷின் வட்டம் மறைந்து வெறும் கூட்டல் குறி போலத் தெரியும். "பிரஷ் சைஸ் தெரியல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேப்ஸ் லாக்கைத்தான் பார்ப்பேன்.

இதன் உறவுக்காரன் ஒன்று. டைப் கருவியால் கிளிக் செய்ததுமே 'டுழசநஅ ஐிளரஅ' என்று ஏதோ விழுகிறது. வைரஸ் இல்லை. சிசி 2019 முதல், புது எழுத்து லேயரில் மாதிரிக்கு ஒரு லத்தீன் வாசகத்தை ஃபோட்டோஷாப் தானே நிரப்பும். அது பாமினியில் இப்படித் தெரிகிறது. டைப் பிரிஃபரன்சஸில் புது லேயரில் மாதிரி எழுத்தை நிரப்பும் டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் தவறி கிளிக் செய்த இடத்தில் எல்லாம் இந்த வாசகம் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் இது சின்னதாக அச்சாகி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

யூனிகோடில் ஒட்டினால் கொம்பு பின்னால் போய்விடுகிறது

இப்போது பாதி மேட்டர் வாட்ஸ்அப்பில், போனுக்கும் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில்தான் வருகிறது. காப்பி செய்து நிர்மலா அல்லது நோட்டோ எழுத்துருவில் ஒட்டினால் 'கெ' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் தனியாக, சில நேரம் புள்ளி வட்டத்தோடு நிற்கும். யூனிகோடில் முதலில் 'க', அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் எழுத்து இன்ஜின் செய்யும் வேலை. அந்த இன்ஜின் நம் மொழிக்கு மாறாமல் இருந்தால் இப்படித்தான் தெரியும்.

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப். டெக்ஸ்ட் இன்ஜின் என்ற இடத்தில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்வு செய்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து புதுக் கோப்பில் பாருங்கள். ஏற்கெனவே அடித்த லேயர்கள் தானாக மாறாது. அவற்றைத் தேர்வு செய்து, பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' போட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பெயர்களும் இடமும் கொஞ்சம் மாறும்.

யூனிகோடு மேட்டரைப் பாமினி எழுத்துருவில் ஒட்டினால் எதுவும் நடக்காது, இரண்டும் வேறு வேறு குறியீடு. மாற்றியில் போட்டு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகு 'ஸ்ரீ', 'க்ஷ', இனிஷியல், தேதி ஆகிய நான்கையும் கண்ணால் பாருங்கள். ஆங்கில இனிஷியல்தான் அதிகம் மாட்டுவது. பாமினியில் ஆங்கில எழுத்துக்கு இடமே இல்லை. அந்த எழுத்தை மட்டும் தேர்வு செய்து வேறு எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும்.

நேற்று வேலை செய்த தனி எழுத்து ஷார்ட்கட் இன்று செய்யவில்லை

கர்சர் எழுத்துக்குள் இல்லை. ஆனாலும் 'வி' அடித்தால் மூவ் வரவில்லை, சதுர அடைப்பு விசைகளால் பிரஷ் பெரிதாகவும் இல்லை சிறிதாகவும் இல்லை. திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். தமிழில் இருக்கும். தமிழ்99இல் சதுர அடைப்பு விசைகள் 'ச', 'ஞ'. தட்டச்சு மென்பொருள் அந்த விசையை முதலில் எடுத்துக்கொள்கிறது, ஃபோட்டோஷாப்புக்கு அது போய்ச் சேர்வதில்லை. விண்டோஸ் + ஸ்பேஸ் அடித்து ஆங்கிலத்துக்கு வாருங்கள், அல்லது தட்டச்சு மென்பொருளை நிறுத்துங்கள்.

"நான் மொழியை மாத்தவே இல்லையே அண்ணா" என்பார்கள். உண்மைதான், அவர்கள் மாற்றவில்லை. விண்டோஸில் ஆல்ட் + ஷிஃப்ட் சேர்ந்தால் மொழி மாறும் என்று வைத்திருப்பார்கள். ஃபோட்டோஷாப்பில் எழுத்தை வரியிலிருந்து மேலே ஏற்ற ஆல்ட் + ஷிஃப்ட் + மேல் அம்பு. எல்லா லேயரையும் சேர்த்துப் புது லேயராக எடுக்க கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + ஈ. இவற்றுக்காக விரலை வைத்துவிட்டு மனம் மாறி எடுத்தாலே மொழி மாறிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். அங்கே போய் அந்த விசைச் சேர்க்கையை 'நாட் அசைண்ட்' ஆக்கிவிடுங்கள். இதைச் செய்த நாளிலிருந்து என் கடையில் இந்தப் புகார் வந்ததில்லை.

கன்ட்ரோல் + டீ அடித்தால் அளவு மாற்றும் பெட்டி வரவில்லை

எழுத்துக்குள் இருக்கிறீர்கள். அங்கே அது கேரக்டர் பேனலைத் திறந்து மூடும் விசை. கன்ட்ரோல் + என்டர் அடித்து வெளியே வந்து மறுபடி அடியுங்கள். பின்னணி லேயர் பூட்டியிருந்தாலும் வராது. பூட்டுக் குறியைக் கிளிக் செய்தால் திறந்துகொள்ளும்.

பெட்டி வந்த பிறகு மெனு எல்லாம் மங்கி, எதைத் தொட்டாலும் வேலை செய்யவில்லை என்றால், அந்தப் பெட்டியை இன்னும் முடிக்கவில்லை என்று பொருள். என்டர் அடியுங்கள், வேண்டாம் என்றால் எஸ்கேப்.

முகம் ஒல்லியாக நீள்கிறதா? சிசி 2019இல் வழக்கம் தலைகீழானது. முன்பு ஷிஃப்ட் பிடித்தால்தான் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறும். இப்போது சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது, ஷிஃப்ட் பிடித்தால்தான் கெடும். பழைய பழக்கத்தில் ஷிஃப்ட்டை அழுத்துகிற கைதான் முகத்தை நீட்டுகிறது. பிரிஃபரன்சஸில் பழைய முறைக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு பதிப்பும் உள்ள கடைகள் அப்படி மாற்றிக்கொள்வதே நல்லது.

லேயர் நகல் எடுத்தால் துண்டுதான் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை

கன்ட்ரோல் + ஜே. படத்தில் எங்கோ ஒரு பகுதி தேர்வாகி, அதைச் சுற்றிக் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேர்வுக்குள் இருக்கும் பகுதி மட்டும்தான் நகலாகும். எழுத்து லேயராக இருந்தால் அந்தத் துண்டு வெறும் படமாகிவிடும், திருத்த முடியாது. தேர்வுக்குள் எதுவுமே இல்லை என்றால் தேர்வு காலியாக இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். கன்ட்ரோல் + டி அடித்துத் தேர்வை எடுத்துவிட்டு மறுபடி கன்ட்ரோல் + ஜே அடியுங்கள்.

தேர்வே தெரியவில்லையே என்றால், யாரோ கன்ட்ரோல் + ஹெச் அடித்து மறைத்திருக்கிறார்கள். தேர்வு இருக்கும், ஓடும் கோடு தெரியாது. எழுத்தைத் தேர்வு செய்தாலும் நிழல் விழாது. அதே விசையை மறுபடி அடித்தால் திரும்பி வரும். பேனல்கள் எல்லாமே காணாமல் போயிருந்தால் டேப் அடியுங்கள்.

தப்பான லேயர் நகர்கிறது

50 முகமும் 50 பெயரும் என்றால் 100 லேயர். எல்லாம் 'லேயர் 47 காப்பி 3' என்று இருந்தால் யாருக்கும் தலை சுற்றும். மூவ் கருவியோடு அந்த முகத்தின் மேல் வலது கிளிக் செய்தால், அந்த இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் லேயர்கள் மட்டும் பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்வு செய்யலாம்.

அதைவிட நல்லது, முதலிலேயே ஒழுங்காக வைப்பது. முகத்தையும் பெயரையும் லேயர் பேனலில் கன்ட்ரோலோடு கிளிக் செய்து, கன்ட்ரோல் + ஜி அடித்து ஒரு குரூப்பாக்குங்கள். குரூப்புக்கு அவர் பெயரையே வையுங்கள். பெயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது டேப் அடித்தால் அடுத்த லேயரின் பெயருக்குப் போகும், சுட்டியைத் தொட வேண்டாம். ஊர்க்காரர்கள் கடைசி நேரத்தில் "தலைவரை முன்னாடி போடுங்க, எங்க மாமாவை அவர் பக்கத்துல போடுங்க" என்பார்கள். சொல்லாமல் இருந்ததே இல்லை. குரூப்பாக இருந்தால் முகமும் பெயரும் சேர்ந்தே நகரும், ஒருவர் முகத்துக்குக் கீழே இன்னொருவர் பெயர் போகாது.

முன்னால் பின்னால் மாற்ற கன்ட்ரோலோடு சதுர அடைப்பு விசைகள்: மூடும் அடைப்பு மேலே, திறக்கும் அடைப்பு கீழே. ஷிஃப்ட்டும் சேர்த்தால் ஒரேயடியாக உச்சிக்கோ அடிக்கோ போகும். கன்ட்ரோலுக்குப் பதில் ஆல்ட் அழுத்தியிருந்தால் லேயர் நகராது, தேர்வு மட்டும் பக்கத்து லேயருக்குத் தாவும். 'அடிச்சேன், ஒண்ணும் ஆகல' என்ற புகாரில் இதுதான் அடிக்கடி நடப்பது. அதைக் கவனிக்காமல் அடுத்து ஒரு வேலை செய்தால் அது பக்கத்து லேயரில் விழும்.

கன்ட்ரோல் + ஈ பற்றி என் கருத்து கடுமையானது: எழுத்து உள்ள பேனரில் அதைத் தொடாதீர்கள். எழுத்து கீழே உள்ள படத்தோடு ஒட்டி, திருத்த முடியாமல் போகும். ஒன்று சேர்க்க வேண்டும் என்றால் கன்ட்ரோல் + ஜி போதும். ஒட்டிய படமே வேண்டும் என்றால் மேல் லேயரில் நின்று கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + ஈ. பழையவை அப்படியே இருக்கும், மேலே புதிதாக ஒரு ஒட்டிய லேயர் வரும்.

எல்லாப் பெயரையும் மாற்ற நினைத்தால் ஒன்றுதான் மாறுகிறது

கர்சர் ஒரு பெயருக்குள் இருக்கிறது. வெளியே வாருங்கள். லேயர் பேனலின் மேலே உள்ள வடிகட்டிக் குறிகளில் எழுத்துக்கானதை அழுத்தினால் எழுத்து லேயர்கள் மட்டும் தெரியும். முதல் லேயரைக் கிளிக் செய்து, கடைசியை ஷிஃப்ட்டோடு கிளிக் செய்து, டைப் கருவியை எடுத்து, எழுத்துக்குள் கிளிக் செய்யாமலே மேலே எழுத்துருவையோ அளவையோ மாற்றுங்கள். எல்லாம் ஒன்றாக மாறும். நிறத்துக்கு ஆல்ட் + பேக்ஸ்பேஸ், முன் நிறம் ஏறும். முகப் பட லேயரில் நின்று இதை அடித்தால் முகமே நிறத்தால் மூடிவிடும், அதனால் அடிக்கும் முன் லேயர் பேனலை ஒருமுறை பாருங்கள்.

திரை தலைகீழாகிவிட்டது

எழுத்து வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்ட ஆல்ட் + கீழ் அம்பு. பெரிதாகக் கூட்ட கன்ட்ரோலும் சேர்த்து. பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கணினிகளில் கன்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பு என்றால் திரையையே திருப்பு என்று அர்த்தம். கன்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு அடித்தால் நேராகும். இன்டெல் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஹாட் கீஸை நிறுத்திவிட்டால் அந்த விசை ஃபோட்டோஷாப்புக்குக் கிடைக்கும்.

பழைய கோப்பைத் திறந்தால் எழுத்தின் மேல் மஞ்சள் முக்கோணம்

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் போட்ட கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளில் எங்கள் ஊர் முகவரியெல்லாம் 'தருமபுரி மாவட்டம்' என்றே இருக்கும். அப்பா கல்யாணப் பத்திரிகை மாதிரியே மகனுக்கும் வேண்டும் என்று சிலர் பழைய சிடியோடு வருவார்கள். எனக்குப் பிடித்த வேலை அது. திறந்ததும் மாவட்டத்தின் பெயரை மாற்ற எழுத்துக்குள் கிளிக் செய்துவிடாதீர்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை என்றால் ஃபோட்டோஷாப் வேறொன்றைப் போட்டுவிடும், அத்தனை தமிழும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

எந்த எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கையில் பெயர் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். சேமிக்காமல் மூடி, அந்த எழுத்துருவை நிறுவி, மறுபடி திறங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கன்ட்ரோல் + ஜே அடித்து அந்த லேயருக்கு ஒரு நகல் எடுத்து, நகலை ரேஸ்டரைஸ் செய்து, அதாவது வெறும் படமாக்கிப் பாருங்கள். பழைய உருவம் அப்படியே கிடைக்கும், மாற்ற வேண்டிய வரியை மட்டும் மறைத்து அதன் மேல் புதிதாக அடிக்கலாம். நீங்கள் வேறு அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது அவர்களுக்கு இந்தப் பாடு வராமல் இருக்க, ஒரு பிரதியில் எழுத்து லேயர்களையெல்லாம் டைப் மெனுவில் 'கன்வர்ட் டு ஷேப்' செய்து, எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக்கி அனுப்புங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.

எதுவுமே சரிவரவில்லை

கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + கே அடித்தால் ஷார்ட்கட் பட்டியல் திறக்கும். மேலே உள்ள 'செட்' என்ற இடத்தில் ஃபோட்டோஷாப் டிஃபால்ட்ஸ் போட்டுப் பாருங்கள். முன்பு வேலை பார்த்தவர் தன் வசதிக்கு மாற்றி வைத்திருக்கலாம். லேப்டாப்பில் எஃப் 7 அடித்து லேயர் பேனல் வராமல் ஒலியோ வெளிச்சமோ மாறினால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.

அப்படியும் ஆகவில்லை என்றால் ஆக்ஷன்களையும் பிரஷ்களையும் வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு ஃபோட்டோஷாப்பை மூடுங்கள். மறுபடி திறக்க டபுள் கிளிக் செய்த உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடியுங்கள். செட்டிங்ஸ் கோப்பை அழிக்கலாமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். திறந்ததும் முதல் வேலையாக டெக்ஸ்ட் இன்ஜினை மறுபடி மாற்றுங்கள், மாதிரி எழுத்தை நிரப்பும் டிக்கை எடுங்கள். அவையும் பழைய நிலைக்குப் போயிருக்கும்.